2 லட்சம் ரூபாயில் செகண்ட் ஹேண்ட் கார்: அந்த டிசம்பர் ராத்திரி அது எங்கே நின்றது?

திருநெல்வேலியில் செகண்ட் ஹேண்ட் கார் தேட ஆரம்பித்தால் காதில் விழும் வாசகங்கள் மூன்று. ‘சிங்கிள் ஓனர்’, ‘கம்பெனி சர்வீஸ்’, ‘கண்ணை மூடிட்டு எடுக்கலாம் அண்ணாச்சி’. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நெல்லை, தூத்துக்குடி பக்கம் கார் வாங்குபவர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இந்த வண்டி எங்கே நின்றது?

அன்று தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. அணைகளிலிருந்து திறந்த தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணி கரை தாண்டியது. ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், கொக்கிரகுளம் என்று மாநகரின் தாழ்வான பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரம் இன்னும் மோசம். தூத்துக்குடி நகரின் பள்ளமான பகுதிகளில் தண்ணீர் வடியவே நாள்கணக்கில் ஆனது. வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் நின்ற கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின.

அந்த கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி, மறுபடியும் சாலைக்கு வந்தவை நிறைய. அவற்றில் ஒரு பகுதி கைமாறிக்கொண்டும் இருக்கிறது. இங்கே மட்டுமல்ல, அதே மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் சென்னையும் மூழ்கியது. ‘மெட்ராஸ் வண்டி, விலை கம்மி’ என்று தெற்கே வரும் காருக்கும் இதே கேள்விதான்.

கையில் 2, 2.5 லட்சம் ரூபாய் வைத்துக்கொண்டு முதல் கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ‘எந்த மாடல் நல்லது?’ என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சுலபம், கடைசியில் சொல்கிறேன். இந்த விலையில் கிடைப்பது பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. அது எந்த கம்பெனி என்பதைவிட யார் கையில் இருந்தது, எங்கே நின்றது என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கும்.

ஆர்.சி.யில் ஏன் தெரியாது?

அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று ஒதுக்கிய காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறித்துவிடும் நடைமுறை பல மாநிலங்களில் உண்டு. நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் தேதி, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். மூழ்கியதா, மோதியதா என்பது வராது.

இன்சூரன்ஸ் நடைமுறை இப்படி இருக்கிறது. சரிசெய்யும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். கார் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுப்பவர் உதிரிபாகமாகப் பிரித்தும் விற்கலாம், சரிசெய்து முழு வண்டியாகவும் விற்கலாம்.

ஆனால் இதுகூட முழு இன்சூரன்ஸ் இருந்த காருக்குத்தான். பத்து, பன்னிரண்டு வருஷ வண்டிக்கு பலரும் தேர்ட் பார்ட்டி மட்டுமே போடுகிறார்கள். தேர்ட் பார்ட்டியில் வெள்ளத்துக்குப் பைசா கிடைக்காது. எனவே உரிமையாளர் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு, முடிந்த செலவில் சரிசெய்து ஓட்டியிருப்பார். க்ளெய்ம் இல்லை, பில் இல்லை, ஏலம் இல்லை. காகிதத்தில் ஒரு தடயமும் இருக்காது. நம் பட்ஜெட்டில் வரும் கார்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அதனால்தான் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காரின் உடம்பைப் பார்க்கச் சொல்கிறோம்.

சீட் பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

வெளியே பாலிஷ் அடிப்பதும் உள்ளே வாசனை தெளிப்பதும் ஒருநாள் வேலை. ஆற்று வண்டலை முழுசாக எடுப்பது அப்படியல்ல. யாரும் கை வைக்காத இடங்களில் அது தங்கிவிடும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். தினமும் நாம் இழுப்பது பாதி நீளம்தான். உள்ளே சுருண்டிருக்கும் மீதியில் மண்நிறக் கோடோ பூஞ்சைப் புள்ளியோ இருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. பெல்ட் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு தகவல். பெல்ட்டின் அடியில் தயாரிப்புத் தேதியோடு ஒரு சீட்டு தைத்திருப்பார்கள். 2012 காரில் 2024 பெல்ட் ஏன் வந்தது என்று கேட்கலாம்.

அடுத்து, முன்சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு மொபைல் டார்ச்சில் சீட் ஓடும் தண்டவாளத்தையும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் பாருங்கள். காருக்குள் இருக்கும் போல்ட் துருப்பிடிக்கக் காரணமே இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழிக்குள் கை வைத்துத் தடவுங்கள். மண் ஒட்டுகிறதா? கதவோரம் கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சைத் தொடுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு இருந்தால் அதுவும் கணக்கில் சேர்த்தி.

ஏறி உட்கார்ந்ததும் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு ஏ.சி.யைப் போட்டு வரும் முதல் காற்றை முகருங்கள். ஈரத்துணி வாடை வந்தால் எவ்வளவு சென்ட் அடித்திருந்தாலும் அது தெரியும். சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். அணையவில்லை என்றால் ஏர்பேக் அமைப்பில் கோளாறு.

தண்ணீரில் நின்ற கார் எல்லாமே குப்பை என்று சொல்ல வரவில்லை. டயர் பாதி நனைந்த அளவுக்கு நின்றது என்றால் வீல் பேரிங், பிரேக் பார்த்துவிட்டு ஓட்டலாம். தரைக்கு மேல் ஏறி கார்ப்பெட் ஊறியிருந்தால், அடியில் ஓடும் வயரிங் சந்தேகத்துக்குரியது. அந்த ரிஸ்க்குக்கு ஏற்ற விலைக்குக் கிடைத்தால், நம்பிக்கையான எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு யோசிக்கலாம். டேஷ்போர்டு வரை ஏறிய வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி. இன்று ஓடும், நாளை ஓடும். ஆறு மாதம் கழித்து கயத்தாறு தாண்டி ஹைவேயில் காரணமே சொல்லாமல் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணினி, சென்சார் அதிகம் இருக்கும் டாப் மாடல்தான் தண்ணீரில் அதிகம் அடிவாங்கும். கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி வைத்த பேஸ் மாடல் காரில் கெட்டுப்போக ஐட்டமே குறைவு. பட்ஜெட் குறைவாக இருப்பவர்களுக்கு பேஸ் மாடலைத்தான் நான் சொல்வேன்.

பழைய பாலிசி காப்பி சொல்லும் கதை

இனி காகிதம். விற்பவரிடம் ஆர்.சி.யைக் கேட்பவர்கள் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேட்பதில்லை. கேளுங்கள், முடிந்தால் கடைசி மூன்று வருஷத்துக்கும். அதில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்று ஒரு வரி இருக்கும். க்ளெய்ம் எதுவும் எடுக்காத உரிமையாளருக்கு முதல் வருஷம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருஷம் தொடர்ந்தால் 50 என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒரே ஒரு க்ளெய்ம் எடுத்தாலும் மறு வருஷம் பூஜ்யம். 2023ல் 45 சதவீதம் இருந்தது 2024 பாலிசியில் பூஜ்யமாக இறங்கியிருந்தால், நடுவில் என்ன நடந்தது என்று விற்பவர் விளக்க வேண்டும். பம்பர் இடித்ததற்கும் க்ளெய்ம் எடுத்திருக்கலாம். அப்படியானால் பில் இருக்குமே.

‘கம்பெனி சர்வீஸ்’ என்று சொன்னால் இன்னும் நல்லது. விற்பவரையே அழைத்துக்கொண்டு அந்த ஷோரூம் சர்வீஸ் சென்டருக்குப் போய், வண்டி நம்பரைச் சொல்லி சர்வீஸ் விவரம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஓடிய கிலோமீட்டர் அங்கே பதிவாகியிருக்கும். மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கேயே வெளிச்சமாகிவிடும். 2023 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை என்ன வேலை நடந்தது என்பதையும் பாருங்கள். வயரிங் செட், ஸ்டார்ட்டர் மோட்டார், சீட் ஃபோம் எல்லாம் ஒரே பில்லில் இருந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை. கூட வர விற்பவர் மறுத்தால், அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.

நம்பர் பிளேட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். டி.என். 72 என்றால் நெல்லையில் பதிவானது, 69 தூத்துக்குடி, 76 தென்காசி. அது முதலில் எங்கே பதிவானது என்றுதான் சொல்லும். எந்தத் தெருவில் நின்றது என்று சொல்லாது. தென்காசி நம்பர் காரை சிந்துபூந்துறையில் குடியிருந்தவர் ஓட்டியிருக்கலாம். ஆர்.சி.யில் இருக்கும் முகவரியும் எத்தனையாவது உரிமையாளர் என்ற எண்ணும் அதைவிடப் பயனுள்ளவை. தண்ணீர் புகுந்த பகுதி முகவரி என்றால் ஒருதரம் அந்தத் தெருவுக்கே போய் விசாரித்துவிடுங்கள். ‘அந்த வெள்ள கார்ல முங்குன வெள்ளக் காரா?’ என்று பக்கத்து வீட்டுக்காரரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடக்கூடும்.

டி-போர்டாக இருந்து ஓன் போர்டாக மாற்றிய வண்டி வேறு தலைவலி. குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வருஷம் முழுக்க ஓடிய டாக்சிக்கு வெள்ளை நம்பர் பிளேட் மாட்டினால் அது வீட்டு வண்டி ஆகிவிடாது. கேரள நம்பர் காரும் இந்தப் பக்கம் விலை குறைவாக வரும். அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி. (படிவம் 28) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, நம் மாநில வரியும் கட்ட வேண்டும். அதைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் விலை குறைவு காணாமல் போய்விடும்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி?

காலையில் போங்கள். ‘வந்துட்டோம்னு சொல்லுங்க, ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்’ என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் குறை தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் போல வெளுத்திருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஈரடுக்கு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பாருங்கள். இன்ஜின் கத்தியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் போயிருக்கிறது. பைபாஸில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவது நல்லது. அவர் கூலியைக் கணக்குப் பார்க்காதீர்கள்; ஆனால் விற்பவர் சிபாரிசு செய்த மெக்கானிக் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3222 என்றால் 2022ஆம் ஆண்டின் 32வது வாரம் தயாரானது. கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் தயாரிப்பு ஆண்டுக் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தப் பக்கம் இடி வாங்கியிருக்கலாம், டிங்கரிங் பட்டி வேலை நடந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள்.

பணக் கணக்கு

2.5 லட்சம் இருந்தால் 2.5 லட்சத்துக்குக் கார் பார்க்கக் கூடாது. 2 லட்சம், அதிகபட்சம் 2.1 லட்சத்துக்குப் பாருங்கள். நாலு டயர், பேட்டரி, கிளட்ச், பெல்ட், ஆயில் என்று முதல் மூன்று மாதத்தில் வரும் செலவுக்கு மீதி வேண்டும். தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய் (2022 ஜூனில் வந்த கட்டணம்). அதற்கு மேல் முழு இன்சூரன்ஸ் தனி.

15 வருஷத்தை நெருங்கும் காரில் கவனம் தேவை. 2011ல் பதிவானது 2026ல் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. எஃப்.சி.க்காக பெயின்ட், டிங்கரிங் செலவு வேறு. ‘14 வருஷ வண்டி, விலை ரொம்ப கம்மி’ என்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

பேரம் பேச ஒரு நல்ல ஆயுதம் உங்களிடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்போது புது ஆல்டோ கே10 காரின் தொடக்க விலையே சுமார் 3.70 லட்சத்துக்கு (எக்ஸ் ஷோரூம்) வந்தது. புதுசே இந்த விலை என்றால் பத்து வருஷ ஆல்டோவுக்கு முன்பு சொன்ன விலையைச் சொல்ல முடியாது. கன்சல்டிங் ஆபீஸில் ‘ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனியா வரும்’ என்று சொன்னால், அது முழு விலைக்கு அல்ல, அவர்கள் வைக்கும் லாபத்துக்கு மட்டும் என்று நினைவூட்டுங்கள். தனிநபரிடம் தனிநபர் வாங்கினால் ஜி.எஸ்.டி.யே கிடையாது.

மாடலைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10, கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் ஸ்விஃப்ட் பெட்ரோல். காரணம் ஒன்றுதான்: அம்பையிலும் வள்ளியூரிலும் நிற்கும் சாதாரண மெக்கானிக்குக்கும் இவை தெரியும், பாகமும் கிடைக்கும். செவ்ரோலே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் ஃபிகோ தயாரித்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்தக் கார்கள் ஓட்ட நன்றாகவே இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். ஆனால் முதல் கார் வாங்குகிறவர் ஒரு பாகத்துக்காக மதுரைக்கும் சென்னைக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? டீசல், தினமும் நிறைய ஓடுகிறவருக்கு மட்டும். வாரம் ஒருமுறை ஊருக்குப் போய்வர பெட்ரோல் போதும்.

பேர் மாறும் வரை சாவி மட்டும்தான் உங்களுடையது

‘ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம், பேர் பொறவு மாத்திக்கலாம்’ என்பது இங்கே சர்வசாதாரணம். இதை ஏற்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் கண் முன்னால் கையெழுத்திடட்டும். கடன் இருந்தால் படிவம் 35, பேங்க் என்.ஓ.சி. இரண்டும் வேண்டும். அந்த என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் தேதியைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பல கை மாறியும் பெயர் மாற்றாத ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது (நவீன் குமார் - விஜய் குமார் வழக்கு). இதைச் சொன்னால் இழுத்தடிக்கும் ஓனரும் மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வருவார்.

டீலரிடம் வாங்கினால், 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கு அரசுக் கட்டணம் எவ்வளவு, புரோக்கர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். அந்த மணிக்கு முந்தைய அபராதம், விபத்து எதுவும் உங்கள் தலையில் விழாமல் இருக்க அது உதவும். நிலுவை அபராதத்தை பரிவாகன் தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விட்டுவிட்டால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குக் கேட்கும்போது சிக்கல் வரும். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது. எனவே முழு பாலிசி என்றால் பிரீமியம் கொஞ்சம் கூடும். பழைய ஃபாஸ்டேகைக் கிழித்துவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்கினால்தான் நாங்குநேரி டோலில் தகராறு வராது.

ஆற்றோரத் தெருவிலோ ஜங்ஷன் பக்கமோ குடியிருக்கிறீர்கள் என்றால், வண்டி பழசாக இருந்தாலும் முழு பாலிசி போடுங்கள். ரெட் அலர்ட் வந்த அன்றைக்கே காரை மேட்டுப்பகுதிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். அதையும் மீறித் தண்ணீர் புகுந்துவிட்டால் ஒருமுறைகூட சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் புரொடெக்ஷன் கவர் தனியாக எடுக்காத பாலிசியில் அந்தச் செலவைத் தர மறுக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு, நிற்கும் நிலையிலேயே தண்ணீர் மட்டம் தெரிய நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, டோ வண்டிக்குச் சொல்லுங்கள்.